கால் நரம்பு வலியும் விழுக்காட்டுக் கணக்கும்: படைவீரர் இயலாமை ஓய்வூதிய வரலாறு – தென்காசி, குற்றாலப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

படைப்பணியால் உடல் இயலாமை அடைந்தவருக்கு அவ்வியலாமையை விழுக்காட்டில் அளந்து ஓய்வூதியம் வழங்கும் முறை, உறுப்பிழப்பை முன்மாதிரியாகக் கொண்டு உருவானது. கண்ணுக்குப் புலப்படாத கால் நரம்பு வலி அம்முறைக்குள் எவ்வாறு இடம்பெற்றது என்பதையும், இந்திய விதிகளில் வலியின் அளவைக் காட்டிலும் அதன் காரணமே வழக்குக்குரியதானது ஏன் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. விதிகளின் சொற்கள் இந்தியாவுக்கு வந்த காலத்துக்கும் அவற்றை விசாரிக்கும் மன்றம் வந்த காலத்துக்கும் இடைப்பட்ட நெடிய இடைவெளி, தென்காசி போன்ற தொலைதூரப் பகுதியில் வாழும் முன்னாள் படைவீரருக்கு என்ன பொருள் தந்தது என்பது இதன் மையக் கேள்வி.

திறவுச்சொற்கள்: இயலாமை ஓய்வூதியம், சியாட்டிகா, மருத்துவ வாரியம், ஆயுதப்படைத் தீர்ப்பாயம், தென்காசி, குற்றாலம்

முன்னுரை

தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலைக் கொண்டுவரும் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துக்கு வருவோர் அனைவரும் இன்பச் சுற்றுலாவினர் அல்லர். மூட்டுவலி, இடுப்புப் பிடிப்பு, கால் குடைச்சல் ஆகியவற்றுக்கு எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பதை மருத்துவமாகவே கருதி வருவோரும் அவர்களுள் உண்டு. கும்பனி ஆட்சிக் காலத்திலேயே ஐரோப்பிய அதிகாரிகள் உடல்நலம் வேண்டிப் பருவந்தோறும் தங்கிய ஊர் இது. வலியோடு வந்து, வலி குறைந்ததாகச் சொல்லித் திரும்பும் இவ்வழக்கத்தில் எழுத்துப் பதிவு ஏதும் இல்லை. வலி குறைந்தது என்பதற்கு வலியுற்றவரின் சொல்லே சான்று. அதை எவரும் ஐயுறுவதும் இல்லை.

அதே வலியைச் சுமந்து படைப்பணியிலிருந்து திரும்பும் ஒருவர் அரசிடம் இயலாமை ஓய்வூதியம் கோரும்போது நிலை தலைகீழாகிறது. அங்கே சொல் போதாது, தாள் வேண்டும். வலி எத்தனை விழுக்காடு என்று குறிக்கப்பட வேண்டும். அது பணியால் விளைந்ததா, பணியால் மோசமடைந்ததா, இரண்டும் இல்லையா என்று மருத்துவ வாரியம் எழுத வேண்டும்.

இன்றைய தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டது. போர்க்களமாக இம்மண் அறியப்பட்டது அதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே. நெற்கட்டும்செவலிலும் வாசுதேவநல்லூரிலும் பூலித்தேவரின் வீரர்களும் யூசுப் கானின் கும்பனிச் சிப்பாய்களும் 1760, 1761 ஆண்டுகளில் மோதினர். அப்போர்களில் காலில் குண்டு பாய்ந்து பிழைத்தவர்கள் பின்னர் எவ்வாறு நடந்தனர் என்பது எந்த ஆவணத்தின் அக்கறையும் அன்று. 1770-இல் நிறுவப்பட்ட கிளைவ் நிதி கும்பனியின் ஐரோப்பியப் படையினரையே முன்னிட்டது. காயம்பட்டவருக்கு உதவுவது ஆள்வோரின் அருள் என்றிருந்த நிலையிலிருந்து, காயத்தின் அளவுக்கேற்ற தொகை உரிமை என்ற நிலைக்கு வர உலகப் போர் ஒன்று தேவைப்பட்டது.

விழுக்காடு என்னும் அளவுகோல்

முதல் உலகப் போரின் நடுவே, 1916-இல் பிரிட்டன் ஓய்வூதியங்களுக்கெனத் தனி அமைச்சகம் அமைத்தது. 1917-ஆம் ஆண்டின் அரசாணை, இழந்த உறுப்புக்கு ஏற்ப விழுக்காட்டை வரிசைப்படுத்திய பட்டியலை முன்வைத்தது. இரு கை அல்லது இரு கால்களை இழந்தவருக்கு 100. அதிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வோர் உறுப்புக்கும், உறுப்பின் பகுதிக்கும் ஓர் எண். ஒருவரது தொழிலோ வருவாயோ இக்கணக்கில் சேரவில்லை. எழுத்தரின் காலும் உழவரின் காலும் ஒரே மதிப்புடையவை என்ற இக்கோட்பாடு அக்காலத்தில் முற்போக்கானது. இன்றும் படைத்துறை ஓய்வூதியங்களின் அடித்தளம் இதுவே.

ஆனால் இப்பட்டியலின் முன்மாதிரி வெட்டப்பட்ட உறுப்பு. எங்கே வெட்டப்பட்டது என்பதை அளவுநாடா கொண்டு அளக்கலாம். உறுப்பு இருக்கிறது, தோல் முழுமையாக இருக்கிறது, எலும்பு முறியவில்லை, ஆயினும் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நெருப்பு ஓடுவதுபோல் எரிகிறது என்றால் அதற்கு எந்த எண்? இக்கேள்வி 1917-க்கு முன்பே மருத்துவ உலகில் எழுந்துவிட்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியாவின் டர்னர்ஸ் லேன் மருத்துவமனை நரம்புக் காயங்களுக்கென ஒதுக்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய வெயர் மிட்செல், ஜார்ஜ் மோர்ஹவுஸ், வில்லியம் கீன் ஆகிய மூவரும் 1864-இல் துப்பாக்கிக் குண்டால் நேர்ந்த நரம்புக் காயங்களைப் பற்றி நூல் வெளியிட்டனர். காயம் ஆறிய பின்னும் தொடரும் எரிவலியை மிட்செல் விரிவாக விவரித்தார். அதற்கு அவர் பின்னர் வழங்கிய ‘காசால்ஜியா’ என்ற பெயர் நெடுங்காலம் நிலைத்தது. கவனத்துக்குரியது இதுவே: அதே மூவர், அதே 1864-இல், நரம்பு நோய் இருப்பதாக நடிக்கும் வீரர்களைக் கண்டறிவது எப்படி என்றும் ஒரு கட்டுரை எழுதினர். ஈதர் மயக்கம் கொடுத்து, மயக்கம் தெளியும் வேளையில் ‘செயலிழந்த’ கால் அசைகிறதா என்று பார்ப்பது அவர்கள் கையாண்ட வழிகளுள் ஒன்று. வலியை நம்பிய மருத்துவமும் வலியை ஐயுற்ற மருத்துவமும் ஒரே மருத்துவமனையில், ஒரே கைகளால் எழுதப்பட்டன. பின்வந்த மதிப்பீட்டு முறைகள் அனைத்திலும் இவ்விரட்டை மனம் தொடர்கிறது.

நரம்பிடம் கேட்கப்பட்ட சான்று

இடுப்பிலிருந்து பின்தொடை வழியே பாதம்வரை ஓடும் வலி நரம்பைச் சார்ந்தது என்பதை நேப்பிள்ஸ் நகர மருத்துவர் தொமெனிக்கோ கொத்துன்யோ 1764-இலேயே தனிநூலாக எழுதினார். அவ்வலிக்கு முதுகெலும்பு வட்டின் பிதுக்கம் காரணமாகலாம் என்பதை பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டரும் பாரும் 1934-இல் நிறுவினர். இடைப்பட்ட 170 ஆண்டுகளில் சியாட்டிகா என்பது குளிர், ஈரம், வாதம் முதலிய பலவற்றின் தலையில் சுமத்தப்பட்டது.

மல்லாந்து படுத்தவரின் காலை முழங்கால் மடங்காமல் உயர்த்தினால் சியாட்டிக் நரம்பு இழுபட்டு வலி தோன்றும். பிரெஞ்சு மருத்துவர் லாசேக்கின் பெயரால் வழங்கும் இச்சோதனையை முறைப்படி எழுதியவர் அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட்; ஆண்டு 1881. படுத்த நிலையில் வலிக்கிறது என்றவரை, வேறு பேச்சுக் கொடுத்தபடி உட்கார வைத்துக் காலை நீட்டச் செய்தால் வலிக்கிறதா என்று பார்ப்பது அதன் கிளைவழக்கு. வலியை அறியப் பிறந்த சோதனை பொய்யை அறியவும் பயன்பட்டது. கால் பலவீனம் உண்மையா என்று அறிய 1908-இல் ஹூவர் வகுத்த குறியும் இவ்வகையைச் சார்ந்ததே.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் நரம்புக் காயங்களை ஆராய வழிகாட்டி வெளியிட்டது. தசையின் வலிமையைச் சுழியம் முதல் 5 வரை தரப்படுத்தும் அதன் அளவை இன்றும் எல்லா மருத்துவமனைகளிலும் வழங்குகிறது. தசை எவ்வளவு அசைகிறது என்பதற்கு எண் கிடைத்துவிட்டது; வலிக்கு அவ்வாறு கிடைக்கவில்லை. நரம்பில் மின்தூண்டல் செல்லும் விரைவை அளக்கும் சோதனை பின்னர் வந்தது. அச்சோதனை உறையுள்ள தடித்த நரம்பிழைகளை அளக்கும். வலியையும் வெப்பத்தையும் கடத்தும் மெல்லிய இழைகள் அதன் வீச்சுக்கு வெளியே நிற்பவை. ஆகவே எரிவலியால் உறங்க இயலாதவரின் சோதனை முடிவு ‘இயல்பு’ என்று வருவது மருத்துவ முரண்பாடு ஆகாது. மருத்துவ வாரியத்தின் முன் அது முரண்பாடாகத் தோன்றுகிறது என்பதே சிக்கல்.

அமெரிக்கா இச்சிக்கலுக்கு எழுத்து வடிவில் விடை கண்டது. 1945-ஆம் ஆண்டின் மதிப்பீட்டு அட்டவணை வழியாக வரும் இன்றைய விதிகளில் சியாட்டிக் நரம்பு 8520 என்ற எண்ணைப் பெறுகிறது. பகுதிச் செயலிழப்பு இலேசானால் 10 விழுக்காடு, நடுத்தரமானால் 20, நடுத்தரத்துக்கு மேற்பட்டால் 40, தசை மெலிவோடு கடுமையானால் 60, முழுச் செயலிழப்புக்கு 80. பாதிப்பு உணர்ச்சி சார்ந்தது மட்டும் எனில் இலேசான அல்லது மிஞ்சினால் நடுத்தர அளவையே தரவேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. அதாவது, தசை மெலியாதவரையில் வலி 20-ஐத் தாண்டாது. வலிக்குக் கதவு திறந்த விதியே அதற்குக் கூரையும் போட்டது. இரு கால்களிலும் தலா 20 பெற்றவருக்கு இரண்டையும் கூட்டி 40 என்று எழுதுவதில்லை. எஞ்சிய உடலின் மீது இரண்டாவது 20-ஐக் கணக்கிட்டு 36, இரு பக்கமும் பாதிக்கப்பட்டதற்காக அதில் பத்தில் ஒரு பங்கு கூட்டி 39.6, பின்பு முழுமையாக்கி 40 என்று வருகிறார்கள். அங்கு வழக்கு முழுவதும் இப்படிகளின் மீதே நடக்கிறது: இவரது வலி இலேசானதா, நடுத்தரமானதா?

‘நரம்பு’ என்னும் சொல்

தமிழ் பேசும் வீரர் ஒருவர் மருத்துவ வாரியத்தின் முன் தம் வலியைச் சொல்லும்போது இன்னொரு தடையும் குறுக்கிடுகிறது. தமிழில் ‘நரம்பு’ என்பது மருத்துவர் கருதும் நரம்பை மட்டும் குறிப்பதன்று. யாழின் தந்தியும் நரம்பு, இலையின் கோடும் நரம்பு, குருதிக்குழாயும் நரம்பு. குருதிக்குழாய் வழியே போடும் ஊசியை ‘நரம்பு ஊசி’ என்றும், காலில் புடைத்துச் சுருளும் சிரைகளை ‘நரம்புச் சுருட்டல்’ என்றும் மக்கள் வழங்குகின்றனர். தசைநாண் பிடித்துக்கொண்டாலும் ‘நரம்பு இழுத்துவிட்டது’ என்பர். எனவே ‘காலில் நரம்பு வலி’ என்ற ஒரே கூற்று, கேட்பவரைப் பொறுத்துச் சிரை நோய், தசைப்பிடிப்பு, நரம்பு நோய் என மூன்று வெவ்வேறு நோய்ப்பெயர்களாகக் கோப்பில் ஏறக்கூடும். இம்மூன்றுக்கும் விழுக்காடும் வேறு, காரண விளக்கமும் வேறு.

வலியின் தன்மையைக் கூறும் சொற்களிலோ தமிழ் மிகவும் நுட்பமானது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், மதமதப்பு, மரத்துப்போதல், சுள்ளென்று இழுத்தல், விண்விண் என்று தெறித்தல் ஆகியன ஒன்றுக்கொன்று மாற்றாகா. இவற்றுள் எரிச்சலும் மதமதப்பும் சுள்ளென்ற இழுப்பும் நரம்பைச் சுட்டுவன. கடுப்பும் உளைச்சலும் பெரும்பாலும் தசையையும் மூட்டையும் சுட்டுவன. ரொனால்டு மெல்சாக் 1975-இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல் ஆங்கில வலிச்சொற்கள் 78-ஐ 20 தொகுதிகளாக அடுக்கி, நோயாளி தேர்ந்தெடுக்கும் சொல்லையே அளவையாக்கியது. ஒருவரது சொல்லாட்சி நோயறிதலுக்குரிய சான்று என்பதை ஏற்ற முறை அது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதப்படும் படைத்துறைக் கோப்பில் மேற்கண்ட ஒன்பது சொற்களும் ‘வலி’ என்ற ஒரே சொல்லாகச் சுருங்குமாயின், நோயாளி தந்த சான்றில் பெரும்பகுதி பெயர்ப்பிலேயே இழக்கப்படுகிறது. ‘யூகி வைத்திய சிந்தாமணி’ வாத நோய்களை 80 ஆக வகுத்த மரபுக்குரியவர், தம் நோயை ‘வாதம்’ என்று சொன்னால் அச்சொல்லுக்கு நேரான இடம் ஆங்கில நோய்ப்பெயர்ப் பட்டியலில் கிடைப்பதும் அரிது.

சொற்கள் முன்னே, மன்றம் பின்னே

பிரிட்டனில் 1943-ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. நோய் பணியால் வந்தது என்று வீரர் மெய்ப்பிக்க வேண்டும் என்ற பழைய நிலையை அவ்வாண்டின் சீர்திருத்தம் மாற்றியது. ஐயத்தின் பயன் கோருபவருக்கே என்றாயிற்று. அதே ஆண்டில் ஓய்வூதிய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயங்களுக்கான சட்டமும் இயற்றப்பட்டது. அத்தீர்ப்பாயங்களிலிருந்து வந்த மேல்முறையீடுகளை உயர்நீதிமன்றத்தில் விசாரித்தவர் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நீதிபதி டென்னிங். ஐயத்துக்கு அப்பாற்பட்ட மெய்ப்பிப்பு என்றால் என்ன என்பதற்கு இந்தியச் சட்ட மாணவர் இன்றும் படிக்கும் விளக்கம், 1947-இல் மில்லர் என்னும் விதவையின் ஓய்வூதிய வழக்கில் அவர் எழுதியது. குற்றவியல் சட்டத்துக்குரியதாகவே பலரும் கருதும் அவ்விளக்கத்தின் பிறப்பிடம் ஒரு படைவீரரின் சாவு என்பது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது.

விடுதலைக்குப் பின் இந்தியா இச்சொற்களைத் தன்னகத்தே கொண்டது. தரைப்படைக்கான 1961-ஆம் ஆண்டு ஓய்வூதிய ஒழுங்குமுறைகளின் 173-ஆம் விதி, இயலாமை பணியால் விளைந்ததாகவோ மோசமடைந்ததாகவோ இருந்து, 20 விழுக்காடு அல்லது அதற்கு மேல் மதிப்பிடப்பட்டால் ஓய்வூதியம் உண்டு என்றது. 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகள் இன்னும் தெளிவானவை. பணியில் சேரும்போது குறித்து வைக்கப்படாத நோய் பின்னர்த் தோன்றினால், சேர்ந்த வேளையில் அவர் நலமாகவே இருந்தார் என்று கொள்ளவேண்டும். மெய்ப்பிக்கும் சுமை கோருபவர் மீது இல்லை. ஐயத்தின் பயன் அவருக்கே. பணி விலகிய சில ஆண்டுகளுக்குள் தலைகாட்டும் நோய்க்கும் அவ்விதிகளில் இடம் இருந்தது. விதிகளின் இணைப்பில், தட்பவெப்ப நிலையால் பாதிக்கப்படும் நோய்கள் என்ற தலைப்பின்கீழ் மூட்டுவாதம், தசைவலி, இடுப்புவலி, கடுங்குளிரால் கால்களுக்கு நேரும் பனிக்கடி, பதுங்குகுழிப் பாதம் ஆகியவை எழுத்தில் உள்ளன. இமய எல்லையில் பணியாற்றித் திரும்பிய தென்னாட்டு வீரரின் கால் வலிக்கு இதைவிட நேரான இசைவு வேறொன்று வேண்டியதில்லை.

சொற்கள் வந்தன, 1943-இல் அவற்றோடு பிறந்த தீர்ப்பாயம் வரவில்லை. இந்தியாவில் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. தீர்ப்பாயம் இயங்கத் தொடங்கியது 2009 ஆகஸ்டில். பிரிட்டிஷ் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 64 ஆண்டுகள். இவ்விடைவெளியில் விதிகளுக்குப் பொருள் கூறியது நீதிமன்றத்தைக் காட்டிலும் அலகாபாத்தில் இருந்த ஓய்வூதியக் கணக்கு அலுவலகமே. மருத்துவ வாரியம் நேரில் பார்த்துக் குறித்த விழுக்காட்டை, வீரரைக் காணாத மருத்துவ ஆலோசகர் கோப்பைப் பார்த்தே குறைக்கும் வழக்கம் அங்கு நிலவியது. சாப்பர் மொகிந்தர் சிங் வழக்கில் 1993-இல் உச்சநீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. உயர் மருத்துவ வாரியம் ஒன்று மறுபடி நேரில் பரிசோதிக்காமல் முதல் வாரியத்தின் கருத்தைத் தள்ள இயலாது என்றது. உறுப்பிழப்பைக் கோப்பில் படித்து மதிப்பிடுவதிலாவது ஓரளவு பொருள் உண்டு. வலியைக் கோப்பில் மதிப்பிட்டதை எவ்வகையிலும் காக்க முடியாது.

1982 விதிகளின் முழுப்பொருளை உச்சநீதிமன்றம் வரிசையாக எடுத்துரைத்தது 2013-இல், தரம்வீர் சிங் வழக்கில்தான். சிக்னல்ஸ் பிரிவில் 1985-இல் சேர்ந்த அவர் வலிப்பு நோயால் 1994-இல் விலக்கப்பட்டவர். இயலாமை 20 விழுக்காடு. நோய் உடலமைப்பைச் சார்ந்தது என்று ஒரு வரியில் எழுதி ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. சேரும்போது குறிக்கப்படாத நோய் பணியினது என்றே கொள்ளப்படும், வேறாகக் கருதும் வாரியம் அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வலிப்பு நோயைப் பற்றிய இத்தீர்ப்பு கால் நரம்பு வலிக்கும் அப்படியே பொருந்துகிறது. வட்டுத் தேய்வு, வட்டுப் பிதுக்கம் ஆகியவை ‘முதுமையால் வருவன’, ‘உடலமைப்பைச் சார்ந்தவை’ என்ற ஒற்றைவரிக்கு மிக எளிதில் ஆளாகும் நோய்கள். சுமை தூக்கி மலையேறிய ஆண்டுகள் அவ்வொற்றை வரியில் காணாமற்போகின்றன.

இருபது என்னும் வாசல்

இந்தியாவில் வழக்கு ஏன் வலியின் அளவைச் சுற்றி நடக்கவில்லை? இதற்கு விடை பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 ஜனவரி 31 நாளிட்ட கடிதத்தில் உள்ளது. ஐந்தாம் ஊதியக் குழுவைத் தொடர்ந்து, 1996 ஜனவரி 1 முதல் செல்லுபடியாகும் வகையில், 50-க்குக் குறைந்த இயலாமை 50 என்றும், 50 முதல் 75 வரையுள்ளது 75 என்றும், 76 முதல் 100 வரையுள்ளது 100 என்றும் முழுமையாக்கப்பட்டது. மருத்துவ வாரியங்களின் மதிப்பீடு ஆளுக்கு ஆள் மாறுவதால் எழும் அநீதியைத் தணிப்பது இதன் நோக்கம்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். முழு இயலாமைக்கு இயலாமைக் கூறு கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்று கொண்டால் முழு இயலாமைக்கு மாதம் 12,000. இயலாமை 20 எனில் 2,400 ஆகவேண்டியது, 50 ஆக முழுமையாக்கப்பட்டு 6,000 ஆகிறது. 49 பெற்றவருக்கும் அதே 6,000. பணிக்காலம் முடித்து விலகியவரின் இயலாமை 19 என்றால் ஒன்றுமில்லை. 20-க்கும் 49-க்கும் இடையே வேறுபாடு அழிந்துபோக, 19-க்கும் 20-க்கும் இடையே பெரும் பள்ளம் விழுந்தது. அமெரிக்க முன்னாள் வீரர் படிக்கட்டில் ஏறுகிறார்; இந்திய வீரர் ஒற்றை வாசலின் முன் நிற்கிறார். உணர்ச்சி சார்ந்த நரம்பு வலிக்கு உலகெங்கும் வழங்கப்படும் எண்கள் 10, 20 என்ற அளவிலேயே அமைகின்றன. வாசல் சரியாக அவ்விடத்தில் வைக்கப்பட்டிருப்பது இவ்வலிக்கு நேர்ந்த கெடுவாய்ப்பு எனலாம்.

நீதிமன்றங்கள் இவ்வாசலைச் சற்று அகலப்படுத்தின. நோயால் படையே ஒருவரை வெளியேற்றியிருந்தால் அவரது இயலாமை 20-க்கு மேற்பட்டது என்றே கொள்ளவேண்டும் என்று 2014-இல் சுக்விந்தர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. இயங்க முடியாதவர் என்று விலக்கிவிட்டு, இயலாமை சிறிது என்று ஓய்வூதியம் மறுப்பது பொருந்தாது என்பது அதன் தருக்கம். அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில், முழுமையாக்கும் பயன் வெளியேற்றப்பட்டவர்க்கு மட்டும் உரியதன்று, இயலாமையோடு பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்க்கும் உரியது என்று முடிவாயிற்று. கால் நரம்பு வலியுடையோர்க்கு இத்தீர்ப்பே முதன்மையானது. ஏனெனில் இவ்வலி ஒருவரை உடனே வெளியேற்றுவதில்லை. எளிய பணிக்கு மாற்றி, ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, பணிக்காலம் முடியும்வரை கூடவே வருகிறது.

குடிமைச் சட்டத்தின் அளவுகோல் வேறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இட ஒதுக்கீடு முதலியவற்றுக்கு 40 விழுக்காட்டை வரம்பாகக் கொள்கிறது. படைத்துறைக் கணக்கில் 30 பெற்றவர் வரம்பைக் கடந்தவர். அதே 30 குடிமைக் கணக்கில் வரம்புக்குக் கீழே நிற்கும். ஒரே கால் இரு அலுவலகங்களில் இரு வேறு கால்களாகிறது.

தென்காசியிலிருந்து மன்றம்வரை

தென்காசி வட்டாரத்தின் முன்னாள் வீரருக்கு நீதிமன்றத் தொலைவு காலந்தோறும் மாறி வந்துள்ளது. மதுரையில் சென்னை உயர்நீதிமன்றக் கிளை 2004 ஜூலையில் திறக்கப்பட்டபோது, அலகாபாத் அலுவலகத்தின் மறுப்பாணையை எதிர்க்க ஏறத்தாழ 160 கிலோமீட்டர் பயணம் போதுமானதாயிற்று. ஐந்தே ஆண்டுகளில் தீர்ப்பாயம் வந்தது. ஓய்வு பெற்றவர் தாம் வாழும் பகுதிக்குரிய அமர்வில் மனு செய்யலாம் என்பது அதன் விதி. தமிழ்நாட்டுக்குரிய அமர்வு சென்னையில். தொலைவு 600 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டது. உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும் ஒருவர் அதைச் சொல்வதற்காகச் செங்கோட்டையிலிருந்து புறப்படும் பொதிகை விரைவுவண்டியில் ஓர் இரவு முழுவதும் பயணம் செய்ய வேண்டும். மலைக்கு அப்பால் கொச்சியிலும் ஓர் அமர்வு உண்டு. அதன் தொலைவு சென்னையின் தொலைவில் பாதிகூட இல்லை. ஆனால் அது கேரளத்துக்குரியது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது என்பதை நினைத்தால், மாநில எல்லை நகர்ந்ததில் நீதிமன்றமும் நகர்ந்தது புலனாகும்.

தீர்ப்பாயத்தின் ஆணைக்கு எதிராக உயர்நீதிமன்றத்தை அணுகும் வழியை 2015-இல் உச்சநீதிமன்றம் பெரிதும் குறுக்கியது. 2023 மார்ச் 21 அன்று பரசோத்தம் தாஸ் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அவ்வழியை மீண்டும் திறந்தது.

தாமதத்துக்கும் விலை உண்டு. தர்செம் சிங் என்பவர் 1983-இல் இயலாமையால் விலக்கப்பட்டு, 1999-இல்தான் நீதிமன்றம் சென்றார். ஓய்வூதியம் மாதந்தோறும் பிறக்கும் உரிமை என்பதால் தாமதம் உரிமையை அழிக்காது, ஆனால் நிலுவை மனுவுக்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே என்று 2008-இல் உச்சநீதிமன்றம் வரையறுத்தது. விதி இருப்பதை அறியாமலும், வலி தானே தீரும் என்று காத்திருந்தும் கழிந்த ஆண்டுகளுக்கு ஈடு கிடையாது. குற்றால எண்ணெய்க் குளியலிலும் ஊர் வைத்தியரின் கட்டிலும் கழிந்த ஆண்டுகள் இவ்வகையில் இருமுறை இழக்கப்படுகின்றன. அவை நிலுவைக் கணக்கிலும் சேரா. சிகிச்சை பெற்றதற்குச் சீட்டு இல்லாததால் வலி தொடர்ந்தது என்பதற்குச் சான்றாகவும் நில்லா. எவ்விதத் தாளும் கேட்காத மருத்துவத்தின் எளிமையே மருத்துவ வாரியத்தின் முன் குறையாகிறது.

2015-இல் பாதுகாப்பு அமைச்சகம் அமைத்த வல்லுநர் குழு, இயலாமை ஓய்வூதியம் பெற்ற வீரர்களுக்கு எதிராக அரசு தொடுக்கும் மேல்முறையீடுகளின் பெருக்கத்தைக் கடிந்துரைத்தது. ஆயினும் விதிகள் இறுகும் திசையிலேயே சென்றன. 2008-ஆம் ஆண்டின் தகுதி விதிகள் 1982-இன் அனுமானத்தைத் தளர்த்தி, நோய்க்கும் பணிக்கும் இடையே காரணத் தொடர்பு நிறுவப்பட வேண்டும் என்றன. 2023 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், பணிக்காலம் முடித்து உடற்குறையோடு விலகுவோர்க்கு ‘இயலாமைக் கூறு’ என்பதற்கு மாற்றாகக் ‘குறைபாட்டு நிவாரணம்’ என்ற புதுப்பெயரை அறிமுகப்படுத்தின. கூறு என்பது ஓய்வூதியத்தின் பகுதி. நிவாரணம் என்பது வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் அரசு தருவது. அந்நாளுக்கு முன் விலகியோருக்குப் பழைய விதிகள் பொருந்தும். ஆகவே ஒரே தெருவில் வாழும் இருவர், ஒரே படைப்பிரிவில் இருந்து, ஒரே நரம்பில் ஒரே வலியோடு திரும்பியிருந்தாலும், விலகிய நாள் 2023 செப்டம்பருக்கு இப்புறமா அப்புறமா என்பதைப் பொறுத்து, ஒருவரது தாளில் கூறு என்றும் மற்றவரது தாளில் நிவாரணம் என்றும் எழுதப்பட்டிருக்கும்.